இசைப் பட்டமும் கடன் கணக்கும்



கூலியின்றிப் பறையறையப் பணிக்கப்பட்ட குலத்தின் பிள்ளை இசையில் பட்டம் பெறுதல் பெருமையே. ஆயினும் பெருமை தவணை கட்டாது.

இரண்டு இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்குப் பெற்று 5 ஆண்டுகளில் அடைப்பின், மாதத் தவணை ஏறத்தாழ 4,250 ரூபாய். வட்டி மட்டும் 55,000. படிக்குங்கால வட்டி இதில் சேரவில்லை. கச்சேரி வருவாய் முகூர்த்தத்தையும் திருவிழாவையும் நம்பியது, தவணைக்கு முகூர்த்தமில்லை.

ஆதலின் முதலில் அரசு இசைக் கல்லூரியையும் மாவட்ட அரசு இசைப்பள்ளியையும் நாடுங்கள். ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கடன் தவிர்க்க இயலாதெனில், வருவாயில் கால் பங்கிற்குள் தவணை அடங்குமாவென்று பாருங்கள். 4,250 கட்ட மாதந்தோறும் 17,000 வரவேண்டும். அதற்குப் பிறருக்குக் கற்பிக்கும் திறனையும் படிக்கும்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நம் பறைக்குக் கூலியில்லை. உங்கள் இசைக்குரிய ஊதியத்தைக் கூசாது கேட்டுப் பெறுங்கள்.