ஏலத்தோட்டத்தார் வீட்டுக்குச் சாயங்காலம் போங்கள்

கோடை விடுமுறை வந்தால் பல சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிடும். வி.பி.எஸ். என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டு, கதை, கைவேலை. சொல்லித்தர வெளியூர் இளைஞர்களும் வருவார்கள்.

போடிநாயக்கனூருக்கு வருகிறவர்கள், அப்படியே சித்தி வீட்டையும் கூடப் படித்தவர்களையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். நல்ல கணக்குதான். 2023-லிருந்து போடிக்கு மறுபடி ரயிலும் ஓடுகிறது.

ஆனால் அவர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், பார்க்க ஒரு நேரம் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலையிலேயே தூக்குவாளியோடு ஜீப் ஏறிவிடுவார்கள். போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம். திரும்புவது சாயங்காலம்தான். பகலில் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள்தான் இருப்பார்கள். பெரியவர்களைப் பார்க்க வேண்டுமா? சாயங்காலம் போங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் ஆள் இருக்கிற நேரம் கேட்டுத்தானே போகிறார்கள்? அது மாதிரி.

மலையில் சிநேகிதர் இருந்தால் ராத்திரி அங்கேயே தங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் இறங்க வேண்டாம். போடியில் வியர்வை கொட்டும், மேலே மே மாதத்திலும் குளிரும். பாட்டுப் புத்தகத்தோடு ஒரு ஸ்வெட்டரையும் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூணாறு வரை போக முடிந்தால், அங்கே கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் 1910-ல் கட்டத் தொடங்கிய கல் கோவில். இன்று அங்கே தமிழிலும் ஆராதனை நடக்கிறது. சித்தியையும் கூட்டிப்போங்கள், அவரும் மலை பார்த்து நாளாகியிருக்கும்.