திருச்சிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க



"திருச்சிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க." பெரம்பலூர்ப் பக்கம் இந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். தோடு அடகுக் கடைக்குப் போகும், ஆடு சந்தைக்குப் போகும். கூடப் போய் உட்கார ஆள் யார் என்ற பேச்சு கிளம்பும். அரியலூர்க்காரர்களுக்குப் பல காலம் அது "தஞ்சாவூருக்கு" என்று இருந்தது. கொள்ளிடத்தைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி.

இரண்டும் ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவின் பகுதிகள்தான். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. பலகைகள் மாறின, கலெக்டர் ஆபீஸ் வந்தது. பெரிய வியாதிக்குப் போகும் திசை மட்டும் மாறவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் சுமார் 5.65 லட்சம் பேர், மாநிலத்திலேயே குறைந்த மக்கள்தொகை. அரியலூரில் ஏறத்தாழ 7.55 லட்சம் பேர். அவர்களில் நகரவாசிகள் நூற்றுக்கு 11 பேர்தான். பெரம்பலூர் நகரத்துக்கு ரயிலும் கிடையாது. பஸ்ஸை விட்டால் கார், அதற்கு வாடகை.

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று அரியலூர். ஆண்டுக்கு 150 மாணவர்கள். குழுமூர் அனிதாவின் பெயரை அங்கே ஓர் அரங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, 2017இல் நாம் இழந்த அதே அரியலூர் மாவட்டத்துப் பெண். அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளில் சிலராவது செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் வேலைக்கு வருவார்கள் என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. வேண்டும் என்ற குரல் நெடுநாளாக உண்டு, நியாயமான குரல்தான்.

ஆனால் நான் இன்று பேச வந்தது அதைவிடச் சின்ன கட்டடத்தைப் பற்றி. ஊருக்குள் இரண்டு அறையோடு இருக்குமே, துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், நமக்கெல்லாம் நர்ஸம்மா. கர்ப்பிணிகளின் பெயரைப் பதிய வேண்டும், புதன்கிழமை தடுப்பூசி போட வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், போதாததற்குக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவர் களப்பணிக்குப் போனால் கதவு பூட்டிக் கிடக்கும், செல்போன் நம்பர் மட்டும் சுவரில் இருக்கும். குற்றம் அவர் மேல் இல்லை. ஓர் ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பார்?

இந்தப் பூட்டுக்கு ஒரு வழி பார்த்தார்கள், அதுவும் நம் மண்ணிலேயே. அனைவருக்கும் மருத்துவ வசதி என்ற நோக்கத்தோடு 2017 வாக்கில் தமிழக அரசு மூன்று வட்டாரங்களில் ஒரு சோதனை முயற்சி நடத்தியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை, மூன்றாவது வேப்பூர். கடலூர் மாவட்டத்து வேப்பூர் இல்லை, நம்ம பெரம்பலூர் மாவட்டத்து வேப்பூர். செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கூடுதலாக ஒரு செவிலியர். ஒருவர் தெருவுக்குப் போனாலும் இன்னொருவர் நிலையத்தில் இருப்பார். சுகர், பிரஷர் மாத்திரை அங்கேயே கிடைக்கும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இந்த முயற்சியை ஆராய்ந்தார்கள். அதுவரை சிகிச்சைக்கென்று அதிகம் பேர் எட்டிப் பார்க்காத துணை நிலையங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், தனியார் பக்கம் போவது குறைந்திருந்தது, கைக்காசுச் செலவும் குறைந்திருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். களைவெட்டுக்குப் போகிற ஓர் அம்மாவின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்குள் காட்டில் இறங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, சுகர், பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கி வெளியே வந்தால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை இலவசம், அந்த நாள் இலவசம் இல்லை. அதனால் கையில் இருப்பதை இழுத்துப் பிடிப்பார்கள். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளை ஆக்குவார்கள், சிலர் பாதியாக உடைப்பார்கள். கால் மரத்துப்போய்ப் புண் வந்த பிறகுதான் திருச்சி. எழுதிக் கொடுக்கிற சீட்டுகளில் எத்தனையோ இப்படிப் பாதி மாத்திரையில் தொடங்கியவைதான் என்பேன்.

கூட்டிப் போக ஆள் இல்லை என்பது இன்னொன்று. இந்த ஊர்களின் இளவட்டங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று 2020 மே மாதம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவி, அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஊர் திரும்ப, அரியலூரின் எண்ணிக்கை சில நாளில் எகிறியது. மற்றவர்கள் திருப்பூரில், சிங்கப்பூரில், வளைகுடாவில். வீட்டில் இருப்பது கிழவனும் கிழவியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவர்களுக்குத்தான் பெரிய உதவி. ஊர்ப் பெண்ணே தன்னார்வலராக வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அதே ஆண்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதையும் நான் மருத்துவத் திட்டமாகவே பார்க்கிறேன். கையில் காசில்லாமல் ஓர் அம்மா ஆஸ்பத்திரி வாசல்வரை போகலாம்.

அவசரம் வேறு கதை. சோளக்காட்டுக்கு ராத்திரி கரண்ட் வரும்போது தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் காலில் பாம்பு. பருத்திக்கு மருந்தடிக்கிறவருக்கு மயக்கம். 2017இல் பெரம்பலூர்ப் பக்கம் அப்படி மருந்தடித்தவர்கள் சிலர் இறந்தே போனார்கள். அரியலூரில் இரவு பகலாக ஓடும் சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி. இதற்கெல்லாம் 108 இருக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. கட்டுப்போட்டு, கீறி, வாய் வைத்து உறிஞ்சி நேரத்தைக் கடத்தாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே அங்கே போங்கள்.

அடுத்த கிராம சபை கூடும்போது தெருவிளக்கு, குடிதண்ணீரோடு இதையும் கேளுங்கள். நம் ஊர்த் துணை சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது? நர்ஸம்மா களப்பணிக்குப் போனால் அங்கே யார் இருப்பார்கள்? சுகர் மாத்திரை இந்த மாதம் வந்துவிட்டதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.