பெரிய எழுத்தில் ஓர் இனம்



ஓர் இனத்தின் பெயர் முதலெழுத்தின் பருமனிலே தங்கியிருந்த விந்தையை யூகோசிலாவியக் கூட்டாட்சியின் வரலாற்றிற் காண்கிறோம்.

பொஸ்னியாவிலே ஸ்லாவிய மொழி பேசும் இஸ்லாமிய மக்களுள், சேர்பியர் எனவோ குரோவாசியர் எனவோ தம்மைக் கூறாதோர், 1948 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இனம் குறிக்காத முஸ்லிம்கள்’ எனப் பதியப்பட்டனர். 1953 இலே ‘இனம் குறிக்காத யூகோசிலாவியர்’ என்னும் பிரிவே அவர்களுக்குக் கிடைத்தது. 1971 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ‘முஸ்லிம்’ என்பது தேசிய இனப் பெயராக இடம்பெற்றது. ஐரோப்பிய எழுத்துக்களிற் பெரியதும் சிறியதும் உண்டல்லவா? பெரிய எழுத்திலே தொடங்கின் அச்சொல் இனத்தைக் குறிக்கும். சிறிய எழுத்திலே தொடங்கின் சமயத்தைக் குறிக்கும். செவிக்கோ இரண்டும் ஒன்றே! தொழுகையை விட்டவனும் இனத்தால் ‘முஸ்லிம்’. அக்கூட்டாட்சியிலே வாழ்ந்த அல்பானிய முஸ்லிமோ அவ்வினத்தவன் அல்லன்.

கூட்டாட்சி சிதைந்தபின், முற்றுகைக்குள்ளான சரயேவோ நகரிலே 1993 செப்தெம்பரிற் கூடிய பேரவை, ‘பொஸ்னியாக்’ என்னும் பழம்பெயரைத் தெரிந்தெடுத்தது. 2013 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாட்டு மக்களுட் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அப்பெயரையே கூறினர்.

ஒருவர் பெயரை அவர் வாயாற் கேட்டறிதல் மக்களை எண்ணுவோர்க்கு முதற் கடமையாகும்.