மண்வெட்டி மட்டுமா தொண்டு?

(வண்ணாத்திவில்லில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



பிரதேச சபைக்கு நாம் எப்போது போகிறோம்? வீதி விளக்கு எரியாதபோது போகிறோம். மதகு உடைந்தால் போகிறோம். வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் பெறப் போகிறோம். மனுவைக் கையில் ஏந்திப் போய், "அடுத்த கிழமை வாருங்கள்" என்ற விடையோடு திரும்புகிறோம். கேட்கப் போனவர் நம்மில் ஆயிரம் பேர். கொடுக்கப் போனவர் எத்தனை பேர்? இவ்வினாவை நமக்கு நாமே போட்டுக்கொள்ளவே இன்று கூடியிருக்கிறோம்.

தொண்டு என்றதும் சிலர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் ஊர்வேலை நெடுங்காலம் கட்டாய ஊழியமாகவே இருந்தது. இராசகாரியம் 1832இல் ஒழிந்தது என்று மக்கள் மூச்சு விட்டனர். பதினாறே ஆண்டுகளில், 1848இல், வெள்ளையர் ஆட்சி வீதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும். இல்லையேல் 3 சிலின் செலுத்த வேண்டும். அவ்வாண்டு வெடித்த கிளர்ச்சிக்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

சரியாக 110 ஆண்டுகள் கழித்து, 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவைக்குப் போனார். ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழை மக்களின் ஊர் அது. அங்கே கிணறு வெட்டினார்கள், மண் சுமந்தார்கள். சிரமதானம் என்ற சொல்லை நாடெங்கும் பரப்பிய சர்வோதய இயக்கம் அவ்விடத்தில் பிறந்தது. 2024இல் அவர் மறையும் வரை அந்த வேலை ஓயவில்லை. 1848இலும் மண்வெட்டிதான், 1958இலும் மண்வெட்டிதான். முன்னதில் பிறர் கட்டளையிட்டனர். பின்னதில் பிடித்தவனே முடிவு செய்தான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தொண்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நாமும் சிரமதானம் செய்தவர்கள்தாம். ஒரு முறை வீதியோர வடிகாலைத் துப்புரவு செய்தோம். காலை முதல் மாலை வரை முழங்கால் சேற்றில் நின்றோம். தேநீரும் பணிசும் வந்தன, படமும் எடுத்தார்கள். அடுத்த மாரியில் அதே வடிகால் அதே இடத்தில் அடைத்துக்கொண்டது. மதகு ஒரு திணைக்களத்துக்குரியது, வடிகால் இன்னொன்றுக்குரியது, அப்பாலுள்ள வாய்க்கால் மூன்றாவது ஒன்றுக்குரியது என்று அப்போதுதான் தெரிந்தது. பெயர் எதற்கு? எல்லா ஊரிலும் உள்ள கதைதான். எங்கே அடைக்கிறது, யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்திருந்தால், நாற்பது பேரின் ஒருநாள் உழைப்பு சேற்றோடு போயிராது.

ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான்: சபைக்கு நம் தோள் மட்டும் போதாது, நம் கண்ணும் அறிவும் வேண்டும். அதற்கு வாசல் அடைத்துக் கிடக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினரோடு பிரதேசவாசிகளும் அமரக்கூடிய குழுக்களுக்கு இடமளிக்கிறது. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழினுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என நான்கு துறைகளுக்குக் குழுக்கள் உண்டு. கணக்காளர் முதற்குழுவுக்குப் பயன்படுவார். ஓய்வுபெற்ற ஓவசியர் மூன்றாவதற்குப் பயன்படுவார். கிணற்றின் குணம் அறிந்த கமக்காரர் நான்காவதற்குப் பயன்படுவார். சம்பளம் இல்லை, வாகனம் இல்லை. (வாகனம் இல்லை என்றதும் பின்வரிசையில் இருவர் எழுந்து போவது போல் தெரிகிறது, போகட்டும்!)

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறோம்? அருவக்காட்டை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டனர். அத்துயரம் நம்முடைய துயரமும்தான். ஆனால் கொழும்பின் குப்பைக்கு வழி தேடியவர்களின் விரல், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வடக்கே, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய நம் கரையோரக் குழிகளின் மேல் வந்து நின்றது. 2018இல் புத்தளத்து மக்கள் வீதியில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். அப்படியிருந்தும் 2019 ஓகஸ்டில் குப்பை வந்தது. ஒக்டோபரில் அவ்விடத்தில் வெடிப்பும் நிகழ்ந்தது.

அறப்போரை நாம் குறைத்துப் பேசவில்லை. அது செய்ய வேண்டியதே. ஆனால் வீதிக்கு வருமுன் மேசையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அந்த 30 நாட்களுள் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, பிழையைக் கண்டு, சான்றோடு மறுப்பெழுத வேண்டும். வண்ணாத்திவில்லின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கற் பாறை. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் தங்குகிறது, ஓடுகிறது. மணலில் மெல்ல வடிந்து தூய்மையாவது போல அங்கே நடவாது. மேலே விழுந்த நஞ்சு விரைவாகக் கீழே போய்விடும். இதை நாம் அறிவோம். ஆனால் நம் கிணறுகளின் பத்தாண்டுக் கணக்கு எங்கே? எந்தக் கிணறு எந்த மாதம் எத்தனை முழம் இறங்கியது, எப்போது உவர்த்தது என்ற குறிப்பு நம் கையில் இருக்கிறதா? குறிப்பேடு இல்லாதவன் சொல்வது வெறும் முறைப்பாடாகப் போய்விடுகிறது!

மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, திகதியிட்டு எழுத ஒரு மாணவனால் முடியும். ஆசிரியர் ஒருவர் அதைச் சரிபார்க்கலாம். சுற்றாடல் குழு ஆண்டுதோறும் அதைச் சபையில் சமர்ப்பிக்கலாம். செலவு, ஒரு கயிறும் ஒரு கொப்பியும்.

அயல் நாடொன்றின் செய்தியும் கேளுங்கள். 1916இல் ஜப்பானியப் பேரரசர், ஒக்கயாமா மாகாண ஆளுநரிடம், உம் மாகாணத்து ஏழைகள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்டாராம். ஆளுநரிடம் விடையில்லை. திரும்பிப் போய் ஆராய்ந்தார். 1917இல் ஊர்தோறும் நன்மதிப்புடையோரை ஆலோசகராக அமர்த்தினார். மறு ஆண்டு ஒசாக்காவும் இத்தகைய முறையொன்றைத் தொடங்கியது. அந்த வழியில் வளர்ந்ததே இன்றைய மின்செய்-இயின் அமைப்பு. 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்பளமின்றி, மூன்றாண்டுத் தவணைக்கு, தம் அயலில் தனித்திருக்கும் முதியோரையும் வறியோரையும் கண்டறிந்து நகராட்சிக்கும் அவர்களுக்கும் பாலமாக நிற்கின்றனர். கேட்ட இரகசியத்தை வெளியிடக்கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். நம்மூரில் இரகசியம் காப்பது யானையைக் காப்பதிலும் கடினம் என்பீர்கள். பழக வேண்டியதுதான்.

யானை என்றதும் கமக்காரர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். வில்பத்துக் காட்டின் அருகில் இருக்கும் நமக்கு அது பேச்சுப் பொருளா, உயிர்ப் பொருளா? காட்டின் நிர்வாக எல்லையில் போடும் மின்வேலிக்கு இருபுறமும் யானை நிற்கும்; அதைப் பார்ப்பாரும் இல்லை. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவைப் பக்கத்தில் வேறு வழி கண்டனர். ஊரைச் சுற்றி ஒரு வேலி. வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்துக்கு மட்டும் ஒரு வேலி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கொடி படராமல் வெட்டுவதும், கம்பியைத் தினம் பார்ப்பதும் ஊரவர் முறைவைத்துச் செய்யும் வேலை. யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தந்த தேசியத் திட்டம் இம்முறையையே முதன்மையாக எடுத்துரைத்தது. முறைப் பட்டியல் எழுதி வைத்துக் காப்பதற்கு நம் ஊர்களில் ஆளில்லையா?

எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தையும் சொல்லிவிடுகிறோம். மேலே இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவு திறந்தால், கலா ஓயா பெருகி மன்னார் வீதியில் அப்பாலத்தை மூடிவிடும். செய்தி கிடைத்ததும் இரு கரையிலும் சிவப்புக் கொடியோடு நிற்கவும், கங்கேவாடி மீனவருக்கு அறிவிக்கவும் பெயர் குறித்த பத்து இளைஞர் போதும். பெயர் குறித்த என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் வருவோம் என்றால் ஒருவரும் வரமாட்டோம்.

நம்மிடம் மனம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் உடுத்த உடையோடு வந்தபோது, புத்தளமும் கல்பிட்டியும் முந்தலும் வண்ணாத்திவில்லும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. ஆணைக்குக் காத்திராமல் இம்மாவட்டத்து மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டையும் திறந்து, அடுப்பை மூட்டினர். அன்றைய இளைஞர் பலர் இன்று இந்த அவையில் நரைத்த தலையோடு இருக்கிறார்கள். பேரிடரில் எழும் அந்தக் கை, சாதாரண நாளிலும் எழ வேண்டும் என்றே கேட்கிறோம்.

சபைக்கும் ஒரு சொல். தொண்டர் வந்தார் என்று துப்புரவுத் தொழிலாளியின் கூலி நாளைக் குறைக்கக் கூடாது. அவன் பிழைப்பைப் பறிக்கும் தொண்டு நமக்கு வேண்டாம். தொண்டர் பட்டியலில் கட்சி நிறம் பார்க்கக் கூடாது. தமிழில் பேசுவோருக்கும் சிங்களத்தில் பேசுவோருக்கும் குழுவின் கடதாசிகள் அவரவர் மொழியில் வர வேண்டும். குழு சொன்ன ஆலோசனையை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஏற்கத்தான் வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கவில்லை. மறுமொழி கேட்கிறோம், அவ்வளவே.

2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6இல் வாக்களிக்கும் வரை இரண்டாண்டுக்கு மேல் உத்தியோகத்தரே சபையை நடத்தினர். கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அந்த இரண்டாண்டிலும் கிணறுகள் இருந்தன, யானை வந்தது, கலா ஓயா பெருகியது. எழுதி வைத்தவர் எவருமில்லை.

வாசலருகே மேசையில் ஐந்து தாள்கள் இருக்கின்றன. கிணறு, வேலி, பாலம், முதியோர், குழுக்கள் என்று ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியிருக்கிறோம். பெயரையும் வட்டாரத்தையும், கிழமைக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் குறியுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு என்றே எழுதுங்கள். இருபது என்று எழுத வேண்டாம். கிணற்றுத் தாளில் கையெழுத்திடுவோருக்குக் கயிறும் கொப்பியும் இப்போதே தருகிறோம். வரும் ஞாயிறு காலையில் முதல் அளவு எடுக்க வேண்டும்.