அச்சேறாத செய்திக்கு என்ன விலை?

(துடியலூரில் தொழிலாளர்களுக்குப் படம் காட்டியபின் நிகழ்த்திய பேச்சு)



இரண்டு மணி நேரத்துக்கு மேலாக எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர்களும் சிரித்தார்கள். பிணத்துக்குச் சேலை கட்டித் திரௌபதியாக மேடையேற்றிய இடத்தில் பின்வரிசைக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். மில்லிலும் காட்டிலும் உழைத்துக் களைத்தவர்கள் சிரிக்கட்டும், நல்லதுதான். ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று கொஞ்சம் பேசிவிட்டுக் கலைவோம்.

படத்தின் பெயர் 'ஜானே பி தோ யாரோ'. நம் பேச்சில் சொன்னால், 'விட்டுத் தள்ளுங்கப்பா'. 1983இல் குந்தன் ஷா இயக்கியது. பணம் போட்டது சர்க்காரின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். சர்க்கார் பணத்திலேயே சர்க்கார் அதிகாரியைக் கேலி செய்திருக்கிறார்கள்! இன்று அப்படி ஒரு கதையை எடுத்துக்கொண்டு போனால் வாசற்படி தாண்ட விடுவார்களா என்பது சந்தேகம்தான்.

நம் பக்கத்தில் பத்திரிகைக்காரர் படம் என்றால் பெரியவர்களுக்கு 1966இல் வந்த 'சந்திரோதயம்' ஞாபகம் வரும். எம்.ஜி.ஆர். நிருபர், எம்.ஆர். ராதா பத்திரிகை முதலாளி. பரபரப்புக்காக எதையும் அச்சடிக்கும் முதலாளியை நேர்மையான நிருபர் எதிர்த்து நிற்கிறார். ராதாவுக்காகவே அந்தப் படத்தை எத்தனை தடவையும் பார்க்கலாம், அது வேறு விஷயம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு மனதில் என்ன நிற்கிறது? பொய் எழுதுவதுதான் பத்திரிகை செய்யும் பெரிய குற்றம் என்று நிற்கிறது.

இன்று பார்த்த படம் அதைவிட ஆழமாகப் போகிறது. வினோத், சுதீர் என்று இரண்டு ஏழைப் பையன்கள் பம்பாயில் போட்டோ ஸ்டுடியோ வைக்கிறார்கள், வியாபாரம் ஓடவில்லை. 'கபர்தார்' என்ற பத்திரிகையின் ஆசிரியை ஷோபா அவர்களுக்கு வேலை கொடுக்கிறாள். பெயரைப் பாருங்கள், 'எச்சரிக்கை'! முனிசிபல் கமிஷனர் டிமெல்லோவும் கட்டிட காண்ட்ராக்டர் தர்னேஜாவும் ஒட்டி உறவாடுவதைப் படம் பிடித்து வரச் சொல்கிறாள். பிறகு பரிசுப் போட்டிக்காக ஊரெல்லாம் படம் எடுக்கிற பையன்கள் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஒரு மூலையில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். இன்னும் பெரிதாக்கினால் தர்னேஜாவின் முகம். சுடப்பட்டவன் அதே கமிஷனர். கொன்றவரே செத்தவர் பெயரை ஒரு மேம்பாலத்துக்குச் சூட்டிக் கண்ணீரும் வடிக்கிறார்!

ஆக, உண்மை கையில் கிடைத்துவிட்டது. படம் இருக்கிறது, பிணமும் கிடைக்கிறது. மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஷோபா காண்ட்ராக்டரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். பையன்கள் கண்டுபிடித்துக் கேட்டால், அவனை மாட்டிவிடத்தான் இந்த நாடகம் என்கிறாள். தோழர்களே, இந்த ஆசிரியை ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. செய்தியை அச்சேற்றினால் அவளுக்குக் கிடைப்பது பத்திரிகை விற்ற காசு. அச்சேற்றாமல் வைத்திருந்தால் காண்ட்ராக்டரின் பெட்டியே திறக்கும்.

இது பம்பாய்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் பென் ஹெக்ட், சார்லஸ் மெக்கார்தர் என்ற இரண்டு சிகாகோ நிருபர்கள் 1928இல் ஒரு நாடகம் எழுதினார்கள். ஹோவர்ட் ஹாக்ஸ் அதை 1940இல் ஒரு நகைச்சுவைப் படமாக எடுத்தார். வேலை பறிபோன ஒரு கணக்கெழுத்துக்காரனுக்கு விடிந்தால் தூக்கு. நிருபர்கள் அடுத்த அறையில் சீட்டாடுகிறார்கள். தண்டனையை நிறுத்தச் சொல்லி கவர்னரின் உத்தரவு வருகிறது. தேர்தல் நேரத்தில் ஓட்டு போய்விடும் என்று மேயரும் ஷெரீப்பும் அதை மறைக்கப் பார்க்கிறார்கள். தப்பி வந்த கைதியைப் பத்திரிகைக்காரர்கள் ஒரு மேசைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியரின் நோக்கம், செய்தி வேறு பத்திரிகைக்குப் போய்விடக் கூடாது என்பதே! அதையும் ஜனங்கள் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். தூக்கு மேடையை வைத்துச் சிரிப்பது நமக்குச் சற்றுக் கஷ்டம். 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரையும் கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

மறுபடி பம்பாய்க்கு வருவோம். டிமெல்லோ பெயரில் கட்டிய பாலம் இடிந்து விழுகிறது. பழியெல்லாம் அந்த இரண்டு பையன்கள் தலையில். காண்ட்ராக்டர்கள், புதுக் கமிஷனர், ஆசிரியை எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். கைதி உடையில் பையன்கள் வீதியில் நடந்து வந்து, கழுத்தை அறுப்பதுபோல் நம்மைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். அத்தோடு படம் முடிகிறது.

பாலம் விழுவதும் பிணத்தை மறைப்பதும் சினிமாவில்தான் நடக்குமா? 2016 மார்ச் 31 அன்று கல்கத்தாவில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் ஜனநெருக்கடி மிகுந்த தெருவில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கட்டிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் 'கடவுள் செயல்' என்றார்! சத்தீஸ்கரில் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற இளம் நிருபர் சாலை வேலையில் நடந்த ஊழல் வெளிவரக் காரணமாக இருந்தவர். 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். மூன்றாம் தேதி ஒரு காண்ட்ராக்டருக்குச் சொந்தமான இடத்தில், மேலே புதிதாகச் சிமெண்டு பூசிய கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் உடல் கிடைத்தது. எல்லா நிருபர்களும் விலை போகிறவர்கள் என்று யாராவது பேசினால் இந்தப் பெயரை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஒரு மில்லில், பெண்கள் தங்கும் விடுதிச் சுவர் இடிந்து விழுந்தது. படம் எடுத்து ஒரு பத்திரிகையின் நிருபரிடம் கொடுத்தோம். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பொங்கலுக்கு அந்த மில்லின் வாழ்த்து விளம்பரம் அரைப் பக்கம் வந்தது. நிருபரைக் கேட்டால், "அண்ணா, நான் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டனுங்க, மேல நிறுத்திப்போட்டாங்க" என்றார். அவரை நாம் திட்டவில்லை. சொற்பக் கூலிக்கு எழுதுகிறவர். விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் அவர் தலையில்தான். அவரும் நம்மைப்போல் கூலிக்காரர்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தடாகம் பள்ளத்தாக்கைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. செம்மண் தோண்டிய பள்ளங்களைக் காட்டி ஊர்க்காரர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட செங்கல் சூளைகள் மூடப்பட்டன. சூளையில் கல் அறுத்தவர்களின் பிழைப்பு போன கஷ்டம் தனி. அதை இன்னொரு நாள் பேசவேண்டும். அங்கே விஷயம் ஒரே ஆசிரியரின் மேசை அறைக்குள் பூட்டப்படாமல் பலர் கையில் இருந்தது. வினோத்தும் சுதீரும் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரே ஒரு இடத்தில்!

இப்போது ஒவ்வொருவர் பையிலும் போன் இருக்கிறது. வேலை செய்த இடத்தில் விபத்து, நூறு நாள் வேலையில் அளவு மோசடி, எதுவானாலும் படம் எடுங்கள். இடமும் நாளும் கூட இருந்த இரண்டு பேர் பெயரும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பத்திரிகைக்குக் கொடுத்தாலும், நம் பத்திரிகைக்கே கொடுத்தாலும், எடுத்த படம் உங்கள் போனிலும் இன்னும் நாலு பேர் போனிலும் இருக்கட்டும். போட்டார்களா என்று எட்டாம் நாள் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

மணி ஒன்பதரை ஆகிறது. இரவு ஷிப்டுக்காரர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் இருங்கள், கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.