தூரத்து யந்திரமும் நாமும்



ஓரறையிலுள்ள கணனி, வேறோர் அறையிலோ வேறோர் ஊரிலோ இருக்கும் அச்சு யந்திரத்தையும் கமராவையும் வலையமைப்பின் வழியாக வேலை வாங்கும் விதமே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். வறண்ட விஷயம் என்று தோன்றினால் சற்றே பொறுத்தருளுக.

இதன் வரலாறு கலிபோர்ணியாவிலே ஸெரொக்ஸ் கம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்குகின்றது. அங்கே 1971இல் கரி ஸ்ரார்க்வெதர் என்பார் லேசர் ஒளிகொண்டு அச்சிடும் யந்திரம் ஒன்றை ஆக்கினார். செக்கனுக்கு ஒரு பக்கம் என்ற வேகம் அதற்கு. அத்தகைய யந்திரத்தை மேசைக்கு ஒன்றாக வைத்தல் இயலுமோ? பலருடைய கணனிகளையும் அவ்வொரு யந்திரத்தோடு விரைவாக இணைக்க வேண்டியதாயிற்று. 1973இல் றொபேட் மெற்காவ் எழுதிய குறிப்பொன்றில் உருப்பெற்ற ஈதர்நெற் இணைப்பு அத்தேவையையும் மனத்திற்கொண்டு எழுந்ததே. இன்று அலுவலகந்தோறும் ஓடும் கம்பி அதன் வழித்தோன்றலாகும்.

ஆனால், கட்டளை போய்ச் சேர்வது ஒன்று. அங்கே காரியம் நடந்ததா என்று அறிவது வேறொன்று. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர், கடதாசி சிக்கிக்கொண்டால் அச்சுக்காகக் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகுமாறு பழைய யந்திரத்தின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். 1980ஐ ஒட்டி ஸெரொக்ஸ் கம்பனியின் புதிய யந்திரம் வந்தது. அதன் மென்பொருளைத் திருத்துதற்கு வேண்டிய மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் நேரிற் சென்று கேட்டபோதும், பிறருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்துவிட்டதாக மறுத்தார். 1983இல் தாம் கட்டற்ற மென்பொருளுக்காகப் புறப்பட்டதற்கு இதையும் ஒரு காரணமாக அவரே சொல்வதுண்டு. சிக்கிய கடதாசி ஓர் இயக்கத்துக்கே வித்தானது!

இத்துன்பம் எங்களுக்கும் நேர்ந்தது. ஒப்படை கொடுக்க வேண்டிய கடைசி நாள். விடுதியின் மேல்மாடியிலிருந்து, கீழேயுள்ள யந்திரத்துக்கு மூவரும் அனுப்பினோம். "அனுப்பப்பட்டது" என்றது கணனி. பத்து நிமிடங் கழித்து இறங்கிப் பார்த்தால் ஒரு தாளும் இல்லை. ஓடிவந்து மறுபடி அனுப்பினோம், மறுபடியும் அனுப்பினோம். யாரோ சிக்கிய தாளை இழுத்துவிட, வரிசையிற் காத்துக் கிடந்ததெல்லாம் ஒருமிக்க வெளிவந்தது. ஒரே ஒப்படை நாலு பிரதி! காசும் எங்களுடையது, நேரமுந் தப்பிவிட்டது. பேராசிரியர் ஏற்றுக்கொண்டார், ஆனால் புள்ளிகளைக் குறைத்தே.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்தார் எம்மிலும் கெட்டிக்காரர். படியேறி வந்து வெறுங் கோப்பிப் பாத்திரத்தைக் கண்டு சலித்த அவர்கள், 1991இல் அதன் முன்னே ஒரு கமராவை வைத்தனர். இருந்த இடத்திலிருந்தே, கணனித் திரையில் ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் படத்திலே கோப்பி உண்டா இல்லையா என்று பார்த்தனர். 1993இல் உலகமே அதைப் பார்க்கலாயிற்று. 2001 ஓகஸ்ற்றில் கமரா நிறுத்தப்பட்டது. வேடிக்கையென்று சிரிக்கலாம், எனினும் அனுப்பும் கையோடு பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இப்பொழுது எந்த யூ.எஸ்.பி. கருவியையும் தூரத்திலிருந்து ஆளலாம். அதன் கம்பி ஐந்து மீற்றருக்கு மேல் நீளாது. ஆயினும் 2014 முதல் லினக்ஸின் கருப்பகுதியிலே முறையாக இடம்பெற்ற யூ.எஸ்.பி.ஐ.பி. என்னும் முறை, கருவிக்குரிய கட்டளைகளைப் பொதிகளாக்கி வலையமைப்பில் அனுப்புகின்றது. ஒருவர் பற்றியிருக்கும்வரை மற்றொருவருக்கு அக்கருவி கிட்டாது. அதற்கெனச் சொந்தப் பூட்டும் இல்லை. ஆதலின் கதவைப் பொது இணையத்துக்குத் திறந்துவைத்தல் ஆகாது. 2018இல் முன்பின் அறியாத ஒருவர், இவ்வாறு திறந்து கிடந்த பல்லாயிரம் அச்சு யந்திரங்களிலே தம் துண்டுப்பிரசுரத்தை அடித்துத் தள்ளினார். யந்திரத்துக்கு உரியவர்கள் பலரோ, அச்சாகி வந்த தாளைக் கண்ட பின்னரே அறிந்தனர்.

எங்கள் விடுதியில் இப்பொழுது ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் யந்திரத்தருகே நிற்பார்; மற்றவர் மேல்மாடியில் அழுத்துவார். நிற்பவருக்கு ஒரு கோப்பை தேநீர் கூலி. இந்த மாதம் நிற்கும் முறை எம்முடையது.