நாற்காலியும் இன்சுலினும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கலாம். நம் பெற்றோர் வயலில் நின்றனர். நாம் நாற்காலியில் அமர்ந்துள்ளோம். அந்த நாற்காலி போராடிப் பெற்றது. அதனை விட்டு மீண்டும் சேற்றில் இறங்குமாறு நமக்கு எவரும் அறிவுரை கூற வேண்டியதில்லை. ஆயினும், அமர்ந்தே இருக்கும் உடலினுள் நிகழ்வதை நாம் அறிதல் வேண்டும். நம் குருதியில் சர்க்கரை எல்லையைத் தொட்டதாகக் கூறப்பட்டபோது, 'நாம் இனிப்பே உண்பதில்லையே' என்றுதான் நாமும் வாதாடினோம்.

1921ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவு என்றாலே இன்சுலின் குறைவு எனும் எண்ணம் வேரூன்றியது. 1936இல் இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த், நோயாளிகளுள் ஒரு சாராரின் உடல் இன்சுலினுக்கு இணங்குகிறது, மறு சாராரின் உடல் இணங்க மறுக்கிறது என்று காட்டினார். பின்னர் யாலோவும் பெர்சனும் குருதியிலுள்ள இன்சுலினை அளந்தபோது, நடுவயதில் நோயுற்றோர் பலரிடம் அது நிறையவே இருந்தது!

அஃதாவது, அஞ்சல்காரர் கதவைத் தட்டுகிறார், உள்ளிருப்போர் திறக்கவில்லை. கணையம் மேலும் மேலும் ஆளனுப்பிச் சோர்கிறது. சர்க்கரை ஏறுவது அதன் பின்னரே.

ஆனால் அக்கதவுக்கு இன்னொரு திறவுகோல் உண்டு. தசை இயங்கும்போது, சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்கள் இன்சுலினின் ஏவலின்றியே உயிரணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. நடந்த பின்னும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கும். அதற்கு மேல் அப்பயனைச் சேமிக்க இயலாது. ஞாயிறு மட்டும் நடக்கும் ஆசிரிய நண்பர்கள் கவனிக்க!

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரைவிட, நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரிடம் 26.4 விழுக்காடு. இதனைக் கேட்டு, ஏற்கெனவே மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாது நிறுத்திவிடக் கூடாது.

சோற்றைச் சற்றுக் குறைத்துப் பயறும் கீரையும் கூட்டுவது வீட்டிலேயே முடியும். நடைக்கு இடம் வேண்டுமே! ஆடவர் சாலையில் நடப்பர். அந்தி சாய்ந்தபின் நம் பெண்கள் எங்கே நடப்பர்? சங்கக் கட்டடத்தின் பின்புறத் திடலில் இரண்டு விளக்குகள் நட்டால் போதும். முதல் விளக்கின் செலவு நம்முடையது. இரண்டாவதைச் செயற்குழு இன்றே முடிவு செய்யட்டும்.